இங்கிலாந்தின் 'ஃபுட்பால் ஸ்பெஷல்' ரயில்கள் எப்படி இருந்தன, ஏன் நின்றுபோயின?

1960, 70களில் வெளியூர் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரெயில் மலிவுக் கட்டணத்தில் விட்ட தனி ரயில்கள்தான் இவை. பெயர்தான் ஸ்பெஷல், பெட்டிகள் பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதில் இருந்தவை. 'எப்படியும் உடைக்கத்தானே போகிறார்கள்' என்ற கணக்கு. கணக்கு தப்பவும் இல்லை: பல்புகள் கழன்றன, இருக்கைகள் கிழிந்தன.

அந்தக்கால ரசிகர்களைக் கேட்டால் முதலில் சொல்வது ரயிலைப் பற்றியல்ல, இறங்கிய பிறகு நடந்ததை. நடைமேடையிலேயே போலீஸ் வரிசையாக நிற்கும், கூடவே நாய்கள்; நிலையத்துக்கு வெளியே சிலர் குதிரை மேல். மொத்தக் கூட்டத்தையும் வளைத்து மைதானம் வரை நடத்திக்கொண்டு போவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே ஊர்வலம் திரும்பி வரும். தோற்ற நாளில் அந்த நடை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

நடுவில் 1973இல் 'லீக் லைனர்' என்று ஒரு சொகுசு ரயிலும் விட்டுப் பார்த்தார்கள். ஆடுவதற்கு டிஸ்கோ பெட்டி, படம் பார்க்க டிவி. எனக்கு இதுதான் ஆச்சரியம்: உடைக்கிறவர்களுக்கு இன்னும் நல்ல பெட்டி! சில ஆண்டுகளில் அதுவும் போய்விட்டது.

ஸ்பெஷல் ரயில்கள் நின்றுபோக சேதச் செலவு ஒரு காரணம். அப்புறம் மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலைகள் வந்தன, கோச் பேருந்தும் சொந்தக் காரும் வசதியாகிவிட்டன. 1985இல் வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய ரயில்களில் மது கொண்டுபோவதையும் தடுத்தது. இன்று ரயிலில் போகிறவர்கள் பெரும்பாலும் சாதாரண ரயிலில்தான் போகிறார்கள்.