தீவனத்துக்கு ஐந்து குஞ்சு: ஆர் மொழியில் குழுவாரியாக மாதிரி எடுப்பது (கேள்வி பதில்)

கேள்வி: புள்ளியியல் நிரல்மொழியான ஆர் மொழியோடு வரும் சிக்வெயிட் தரவில் (நான்கு வகைத் தீவனம் தின்ற குஞ்சுகளின் எடைப் பதிவு), தீவன வகைக்கு ஐந்து கோழிக்குஞ்சுகளைக் குலுக்கி எடுக்க வேண்டும். டிப்ளையர் என்ற துணைத் தொகுப்பில் குரூப்_பை (குழு பிரிப்பது) போட்டு ஸ்லைஸ்_சாம்பிள் (வரிகளைக் குலுக்கி எடுப்பது) கொடுத்தால் சில சமயம் ஒரே குஞ்சு இரண்டு முறை வருகிறது. ஏன்?

பதில்: அதில் ஒரு வரி என்பது ஒரு குஞ்சு அல்ல, ஒரு குஞ்சை ஒருநாள் எடைபோட்ட பதிவு. 50 குஞ்சுகளுக்கு 578 வரிகள். 45 குஞ்சுகளுக்குத் தலா 12 பதிவுகள். 18ஆம் எண் குஞ்சுக்கு இரண்டே இரண்டு. வரிகளைக் குலுக்கினால், ஒவ்வோர் எடுப்பிலும் அது அகப்படும் வாய்ப்பு, 12 பதிவுள்ள குஞ்சின் வாய்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். ஒரே குஞ்சு இரண்டு முறை வருவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பதிவு பாதியில் நின்ற குஞ்சுகள் விடுபட்டுப்போவது தெரியாது. அதுதான் பெரிய பிழை.

முதலில் ஆஸ்_டிபிள் போட்டுச் சாதாரண அட்டவணையாக்குங்கள். திரும்ப வருவதை நீக்கும் டிஸ்டிங்க்ட்டில் டயட் (தீவனம்), சிக் (குஞ்சு எண்) இரண்டையும் கொடுத்தால் குஞ்சுக்கு ஒன்றாக 50 வரிகள் வரும். அதன்மேல் ஸ்லைஸ்_சாம்பிள், என் = 5, பை = டயட். 20 குஞ்சுகள் கிடைக்கும். அந்தப் பட்டியலை வைத்து மூலத் தரவைச் செமி_ஜாயின் செய்தால் அவற்றின் எல்லா எடைகளும் வந்துவிடும். 'பை' டிப்ளையர் 1.1.0 முதல்தான் உண்டு. பழைய பதிப்பில் குரூப்_பை போட்டு, முடிந்ததும் அன்குரூப் போட்டுக் குழுவைக் கலையுங்கள்.

கேள்வி: தலா 15 கேட்டேன். 60 வராமல் 45 வந்தது. எச்சரிக்கையும் இல்லையே?

பதில்: முதல் தீவனத்தில் 20 குஞ்சுகள், மற்ற மூன்றிலும் பத்துப் பத்துதான். ஸ்லைஸ்_சாம்பிள் இருப்பதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். பழைய சாம்பிள்_என் பிழை காட்டி நிற்கும். அதனால் எடுத்ததும் கவுண்ட் போட்டுக் குழுவுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கைக்குப் பதில் ப்ராப் (விகிதம்) கொடுத்தாலும் கவனம்: 0.25 என்றால் பத்தில் இரண்டுதான் வரும், பின்னம் கீழ்நோக்கி வெட்டப்படும்.

கேள்வி: டிப்ளையர் வேண்டாம். வேறொரு ஆள் பட்டியலில், குழுவாரியாக ஒரு கட்டளையை ஓட்டும் டிஆப்ளையில் சாம்பிள் கொடுத்துக் குழுவுக்கு ஒருவரை எடுத்தால், குழுவிலேயே இல்லாத எண் வருகிறது.

பதில்: அந்தக் குழுவில் ஒரே ஒருவர் இருப்பார். 37 என்ற ஒற்றை எண்ணைக் கொடுத்தால் சாம்பிள் அதை 1 முதல் 37 வரை என்று எடுத்துக்கொள்ளும். மதிப்புகளைக் குலுக்காமல் இடங்களைக் குலுக்குங்கள்: சாம்பிள்.இன்ட்டுக்குக் குழுவின் நீளத்தைக் கொடுத்து, வரும் இடத்தில் இருப்பவரை எடுங்கள்.

கேள்வி: செட்.சீட் (குலுக்கலின் தொடக்க எண்) ஒன்றுதான், ஆனால் நண்பர் கணினியில் வேறு குஞ்சுகள் வருகின்றன.

பதில்: வரிகளின் அடுக்கு மாறியிருக்கலாம்; குலுக்கும் முன் எண்வாரியாக அடுக்குங்கள். இல்லையேல் ஒருவரிடம் 2019இல் வந்த 3.6.0க்கு முந்தைய ஆர் இருக்கும். 3.6.0இல் சாம்பிள் எடுக்கும் முறையே மாறியது.

கேள்வி: இந்த 20 குஞ்சுகளை வைத்து 50க்கும் சராசரி சொல்லலாமா?

பதில்: நேராகக் கூட்டி வகுக்காதீர்கள். முதல் தீவனத்தில் இருபதில் ஐந்து, மற்றவற்றில் பத்தில் ஐந்து. எனவே முதல் தீவனக் குஞ்சு ஒவ்வொன்றும் 4 குஞ்சுகளுக்குப் பிரதிநிதி, அதன் மதிப்பு 4; மற்றவற்றுக்கு 2. மதிப்புகளின் கூட்டுத்தொகை 50 வருகிறதா என்று பாருங்கள், பிறகு அந்த மதிப்புகளோடு சராசரி காணும் வெயிட்டட்.மீன் போடுங்கள்.