பழுது இயர்பட்ஸில் இல்லை, இடது காதைக் காட்டுங்கள்

புதிய இயர்பட்ஸ் வாங்குவதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். இதைப் படிக்கும் இன்றே, முடியாவிட்டால் நாளைக் காலையிலாவது, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து இடது காதைக் காட்டிவிடுங்கள். எந்த மாதிரி வாங்கலாம், ப்ளூடூத் கதிர்வீச்சு மூளையைப் பாதிக்குமா, இரைச்சல் நீக்கும் வசதி செவிப்பறையை அழுத்துமா, குறும்பி (காது அழுக்கு) அதிகம் சேருமா என்று நான்கு கேள்விகளை உங்கள் கடிதத்தில் விரிவாக எழுதிய நீங்கள், அவற்றுக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு செய்தியையும் சொல்லியிருக்கிறீர்கள். பழைய இயர்பட்ஸில் இடது பக்கம் ஆறு நாட்களாகச் சத்தம் குறைவாகக் கேட்கிறது, துடைத்துப் பார்த்தும் சரியாகவில்லை, அதனால் அழைப்பு வந்தால்கூட ஃபோனை வலது காதிலேயே வைத்துப் பேசுகிறேன் என்பது அந்தச் செய்தி.

ஃபோனை நேராகக் காதில் வைத்துப் பேசும்போது அங்கே இயர்பட்ஸுக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும் இடது காதில் சரியாகக் கேட்கவில்லை என்றால், பழுது கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. இது உங்களுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் கடிதத்தின் கடைசியில், இருபத்தெட்டு வயதிலேயே காது கேட்காமல் போகுமா என்ற கேள்வி வந்திருக்காது.

ஒரு காதில் மட்டும், ஓரிரு நாட்களுக்குள், காரணம் புலப்படாமல் கேட்கும் திறன் குறைந்தால், வேறொன்று உறுதியாகும் வரை அதை உட்செவியின் அவசரநிலையாகவே காது மருத்துவர்களான நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதி (அதிர்வெண்) அளவுகளிலாவது 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்புத் திறன் குறைவதைத் திடீர் நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என்கிறோம். பெரும்பாலும் இதற்கு வலி இருக்காது, சீழ் வடியாது, காய்ச்சலும் வராது. காலையில் எழும்போது காது அடைத்தது போலவும், உள்ளே உய்யென்று இரைவது போலவும் மட்டுமே இருக்கும். அதனால்தான் சளி அடைத்திருக்கிறது, குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கிறது, குறும்பி சேர்ந்திருக்கிறது என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். சிலருக்குக் கேட்கும் திறன் தானாகவே திரும்புவதும் உண்டு. ஆனால் யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழி இல்லை. ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தருவதானால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கியவர்களுக்கே தருகிறது, அதிலும் முதல் சில நாட்களே சிறந்தவை. உங்களுக்கு ஏற்கெனவே ஆறு நாட்கள் போய்விட்டன.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியை இன்னும் மறக்க முடியவில்லை. அவரும் உங்களைப் போலவே இடது பக்க இயர்ஃபோன் பழுதென்று நம்பி, ஏழு வாரங்களில் இரண்டு ஜோடிகளை மாற்றிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்தார். காதுக்குள் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது, குறும்பி துளியும் இல்லை, செவிப்பறை முத்துச்சிப்பியின் உட்புறம் போல மினுங்கியது. தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையான இசைக்கவையைத் தட்டி அவர் நெற்றியின் நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் வலது காதைத் தொட்டுக் காட்டினார். சிக்கல் இடது உட்செவியிலோ நரம்பிலோதான் என்பது அந்த ஒரு விரல் அசைவிலேயே தெரிந்துவிட்டது, அடுத்து எடுத்த ஆடியோகிராமும் (கேட்கும் திறனை அளந்து காட்டும் வரைபடம்) அதையே சொன்னது. மருந்து கொடுத்தோம், காதுக்குள் ஊசியும் போட்டோம். இழந்த திறனை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. முதல் வாரத்தில் வந்திருந்தால் திரும்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், அந்த வாய்ப்பையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இசைக்கவை இல்லாமல் வீட்டிலேயே இதைக் கொஞ்சம் பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகினால், ஒலி அடைத்த காதின் பக்கமாகச் சாய்ந்து கேட்பது தெரியும். இப்போது விரலை எடுத்துவிட்டு, இரு காதுகளும் திறந்திருக்க மறுபடி முனகிப் பாருங்கள். மந்தமாக இருக்கும் இடது காதின் பக்கமே ஒலி சாய்ந்தால், குறும்பியோ நடுச்செவி நீரோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கேட்கும் வலது காதின் பக்கம் சாய்ந்தால், சிக்கல் உட்செவியிலோ நரம்பிலோ இருக்கலாம். விடை எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தது, ஆகவே குறும்பிதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வலப்பக்கம் சாய்ந்தால் ஒருநாள் கூடத் தாமதிக்கக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு நாள் விட்டதாகவும், பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் இப்போதே நிறுத்துங்கள். கேட்பு நரம்பில் உள்ள கோளாறு எண்ணெயால் தீராது. எண்ணெயின் ஈரம் காதுக்குழாயில் பூஞ்சை வளரத்தான் உதவும். சொட்டு மருந்தோ அதைவிடக் கவலை தருகிறது. செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல், ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கலந்த சொட்டு மருந்தைப் போட்டால், அது உட்செவிக்கே கேடு செய்யக்கூடும். காதுக்குள் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்துத் தரும் மருந்தை எப்படித்தான் நம்பிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது. மேலே ஸ்டீராய்டு என்று படித்ததும் அதையும் கடையில் வாங்கிவிடாதீர்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் எல்லாவற்றையும் பார்த்து, அளவையும் நாட்களையும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய மருந்து அது. இன்னொன்று, ஃபோன் அமைப்பில் ஒலிச் சமநிலையை இடப்பக்கம் முழுவதும் தள்ளி வைத்துக் கேட்பதாகச் சொல்கிறீர்கள். அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, சிகிச்சை முடியும் வரை இயர்பட்ஸைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். நலிந்திருக்கும் காதுக்குள் கூடுதல் ஒலியைச் செலுத்துவது நல்லதல்ல.

கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எழும்பூரில் இறங்காமல் அடுத்த நிறுத்தமான பூங்கா நிலையத்தில் இறங்கினால், அருகிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. காலையில் வெளிநோயாளர் சீட்டு போடும் நேரத்துக்கே போய்விடுங்கள். வேறு எங்கே காட்டினாலும், ஆறு நாட்களாக ஒரு காதில் திடீரென்று கேட்கவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காது அடைப்பு என்று மட்டும் சொன்னால் காத்திருக்கும் வரிசையில் நீங்கள் பின்னால் போய்விடக்கூடும். குறும்பி இருந்தால் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகும் கேட்கவில்லை என்றால் ஆடியோகிராம் அன்றே எடுக்கப்பட வேண்டும். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் பதற வேண்டாம். செவி நரம்பில் சிறு கட்டி இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக அதை வழக்கமாகவே கேட்போம். தலை சுற்றி நிற்க முடியாமல் போவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இதனுடன் வந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மற்ற அச்சங்களுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், இயர்பட்ஸில் பொதுவாகச் சில மில்லிவாட் ஆற்றலோடு இயங்குகிறது. மரபணுவை உடைக்கும் வலு அந்த அலைகளுக்கு இல்லை, ஃபோனையே காதில் ஒட்டிவைத்துப் பேசும்போது தலைக்கு வரும் ஆற்றல் இதைவிடப் பன்மடங்கு அதிகம். விஞ்ஞானிகள் இயர்பட்ஸுக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள் என்று 2019-இல் உலகெங்கும் பரவிய செய்தி உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அந்தச் செய்தி சுட்டிய வேண்டுகோள் 2015-இல் பொதுவாக மின்காந்த அலைகளைப் பற்றி எழுதப்பட்டது, அதில் இயர்பட்ஸைப் பற்றிய பேச்சே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மைதான். சான்று குறைவாகவும் உறுதியற்றும் இருப்பவற்றுக்கான பிரிவு அது. இரைச்சல் நீக்கும் வசதி செவிப்பறையை அழுத்துவதும் இல்லை. வெளி ஓசையை மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் ஒன்றோடொன்று மோதி அடங்கச் செய்கிறது, அவ்வளவுதான். தாழ்ந்த இரைச்சல் சட்டென்று மறையும்போது சிலருக்குக் காது அடைத்த உணர்வு வரும். வசதியின் அளவைக் குறைத்தால் அதுவும் போகும்.

பயப்பட வேண்டியது ஒலியின் அளவுக்கும் கேட்கும் நேரத்துக்கும்தான். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான் இருக்கின்றன, செத்தவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 90-இல் 4 மணி நேரம்தான். ரயிலில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், 90 டெசிபலில் கேட்பவருக்கு அந்த வாரத்துக்கான பங்கு செவ்வாய்க்கிழமை மாலை வீடு திரும்பும்போதே தீர்ந்துவிடும். சாதாரண இயர்ஃபோனில் ரயில் பெட்டியின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். தண்டவாளத்தின் தொடர் உறுமல் போன்ற தாழ்ந்த ஓசையை அடக்குவதில் இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் திறமையானது, ஆகவே அதே பாட்டைக் குறைந்த ஒலியிலேயே கேட்க முடியும். அந்த வகையில் நீங்கள் அதை வாங்க நினைத்தது நல்ல எண்ணமே. இரைச்சலை அடக்கிவிட்டு ஒலியைப் பழைய அளவிலேயே வைத்திருந்தால் மட்டும் அந்த நன்மை கிடைக்காது.

வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைவிட, காதில் பொருந்துகிறதா என்று பாருங்கள். சிலிகான் முனை காதுக்குழாயோடு இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரைச்சல் உள்ளே வந்துவிடும். பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுகளுக்கும் இருவேறு அளவு தேவைப்படுவது சகஜம். அழுத்தியோ வலித்தோ உட்காரும் முனை வேண்டாம், அது தோலை உரசிப் புண்ணாக்கும். வெளி ஓசையை உள்ளே விடும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். நடைமேடையிலும் சாலையிலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது இயர்பட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். ரயில் வரும் சத்தம் கேட்காமல் போனவர்களுக்கு நேர்ந்ததை நான் பிரேதப் பரிசோதனை அறையில் பார்த்திருக்கிறேன். ஃபோனில் அதிகபட்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் அமைப்பு இருந்தால் அதையும் போட்டு வையுங்கள். குறும்பியைப் பொறுத்தவரை, இயர்பட்ஸ் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை, தானாக வெளியேறுவதைத்தான் தடுக்கிறது. முனைகளைக் கழற்றி வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள், தூங்கும்போது கழற்றி வையுங்கள், பஞ்சுக் குச்சியையும் கொண்டை ஊசியையும் காதுக்குள் விடாதீர்கள்.

ஆடியோகிராம் எடுத்த கையோடு அந்தத் தாளை ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இயர்பட்ஸை எப்போது மறுபடி மாட்டலாம் என்பதையும் அன்றே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.