வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் அம்மாவுக்கு 54 வயது. பல வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுகிறார். இரண்டு மாதமாக இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் சின்னப் புண். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டோம். "வலியே இல்லை, விடு" என்கிறார். புற்றுநோயாக இருக்குமா?

பதில்: நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரமே அம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. சாதாரண வாய்ப்புண் காரம் பட்டாலே எரியும், இரண்டு வாரத்தில் ஆறிவிடும். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கழுத்தில் நெறி கட்டிவிடலாம். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் எதுவானாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

புகையிலையை அம்மா எந்தப் பக்கம் அடக்கிக்கொள்வார்? அந்த இடத்தில்தான் இது அதிகம் வரும். பகல் வெளிச்சத்தில் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். வெள்ளைப் படலம் துணியால் துடைத்தும் போகவில்லையா? நடுவே சிவந்திருக்கிறதா? சிவப்பு இன்னும் ஆபத்தானது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடியாத அளவு வாய் இறுகியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது பாக்கினால் வருவது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று பலருக்குத் தெரியாது.

ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. சதையைச் சோதிக்காமல் எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது. புற்றுநோயே என்றாலும், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பாக்கு, புகையிலை இரண்டையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அம்மாவைத் திட்ட வேண்டாம். குளிரிலும் களைப்பிலும் பிடித்துக்கொண்ட பழக்கமாக இருக்கும். வீட்டில் வேறு யாராவது போடுகிறவர்கள் இருந்தால் அவர்களையும் அன்றே கூட்டிப் போய்விடுங்கள்.