டர்போவுக்கு முன் தெர்மோஸ்டாட்

அன்புள்ள ஐயா,

யமஹா ஒய்இசட்450எஃப் பைக்கில் முன்சக்கரத்துக்குப் பதில் ஸ்கீயும் பின்னால் ட்ராக்கும் (பனியில் உருளும் ரப்பர் பட்டை) மாட்டி ஓட்டுகிறேன். 2,500 மீட்டர் உயரத்தில், ஆழமான பனியில் இழுவை போதவில்லை. சிலிண்டரைப் பெரிதாக்கலாமா, 500 சிசி பைக்குக்கு மாறலாமா, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) போடலாமா? இன்னொன்று, ஆயில் பால் கலந்தாற்போல வெளுத்துவிடுகிறது. அதன் மட்டமும் ஏறியிருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆயிலைச் சரிசெய்யாமல் எந்த பிஸ்டன் போட்டாலும் நிலைக்காது.

மண்ணில் ஓடுவதற்கென்று அமைந்த ரேடியேட்டர், மைனஸ் 15 டிகிரியில் இன்ஜினைச் சூடேறவே விடாது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடாகாதவரை இசியு, அதாவது இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி, பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே உள்ள ஆயிலில் இறங்குகிறது. மட்டம் ஏறுவது அதனால்தான்; முகர்ந்து பார்த்தாலே தெரியும். வெளுப்புக்குக் காரணம், ஆவியாகிப் போகாமல் தங்கிவிடும் ஈரம். ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையும் வாட்டர் பம்ப் சீலையும் சந்தேகப்படுங்கள்.

தீர்வு தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் சூடானபின் மட்டுமே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸில் அதைப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னாலேயே ஒரு பைபாஸ் (மாற்றுவழி) ஹோஸைப் பிரித்து வாட்டர் பம்பின் உள்வாய்க்குக் கொண்டுபோங்கள். பைபாஸ் இல்லாவிட்டால் மூடிய தெர்மோஸ்டாட்டின் பின்னால் கூலன்ட் அசையாமல் நிற்கும். ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், தெர்மோஸ்டாட்டுக்கோ அந்தச் சூடு போய்ச் சேராது. ஓடும்போது 70 முதல் 85 டிகிரி நின்றால் போதும். மாட்டியபின் பைக்கின் முன்பக்கத்தைத் தூக்கிவைத்து, ஹோஸ்களை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அப்போதும் சூடு ஏறவில்லையென்றால் ஒரு பக்க ரேடியேட்டரை மட்டும் மூடிப் பாருங்கள். கூலன்ட், கிளைகாலும் (உறையாமல் காக்கும் திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததாக இருக்கட்டும். இப்போதுள்ள ஆயிலை இன்றே மாற்றிவிடுங்கள்.

கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) காற்றை வெளியே விடும் பிரீதர் ஹோஸையும் விட்டுவிடாதீர்கள். தொங்கும் முனையில் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீலைத் தள்ளிவிடும். ஹோஸின் மேற்பகுதியில், இன்ஜின் சூடு படும் இடத்தில், ஒரு கீறல் போட்டு இரண்டாவது வழி விடுங்கள். பெட்ரோல் டேங்க்குக்குள் காற்று போகும் வென்ட்டும் இதேபோல் உறையும். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் நின்றால், மூடியைத் திறந்தவுடன் மறுபடி ஓடினால், அதுதான் கோளாறு. ஏர் ஃபில்டருக்குப் பனி ஒட்டாத வலை உறை போடுங்கள்.

இனி இழுவை. 2,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். உங்கள் பைக்கின் 97 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டம்) 100 ஆக்கினால் 449 சிசி 477 ஆகும். கூடுவது ஆறு சதவீதம். கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப்பின் 510 சிசியும் சுமார் 14 சதவீதம்தான் அதிகம். அதன் கியர் இடைவெளிகள் வேறு அகலம். ஆழமான பனியில் கியர் மாற்றும் அந்த நொடியில் ட்ராக் வேகம் விழுந்து, அடுத்த கியரில் இன்ஜின் மூச்சுத் திணறும். உயரம் பிடுங்கிக்கொண்டதை இவை இரண்டுமே திருப்பித் தராது.

டர்போ தரும். 0.34 பார், அதாவது 5 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) கொடுத்தாலே முக்காலாக இருந்தது 1.09 ஆகிவிடும். உங்கள் உயரத்துக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் டர்போவை மட்டும் வாங்கி மாட்டினால் இன்ஜின் போய்விடும். ஏறத்தாழ 13 மடங்கு இருக்கும் கம்ப்ரஷனைக் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம்) குறைந்த கம்ப்ரஷன் பிஸ்டனால் 10, 11-க்கு இறக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற இசியு மேப், பெட்ரோல்-காற்று விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், கடினமான கிளட்ச் ஸ்பிரிங் எல்லாமே தேவை. பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் நாக் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் உருகும்.

டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் கிராங்க்கேஸ் ஆயில் மட்டத்துக்கு மேலே, சரிவாக இறங்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் ஆயிலை இழுத்துத் திருப்பி அனுப்பும் ஸ்கேவெஞ்ச் பம்ப் வையுங்கள். தேங்கும் ஆயில் டர்போ சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் நீலப் புகையாக வரும்.