பாய்க்கப்பலில் ஒரு பள்ளிப் பருவம்: மகளின் கல்விச் சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். கணவர் பார ஊர்தி ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லமொன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். இருவருடைய வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 135,000 டொலர். மகள் 9ஆம் தரத்தில் படிக்கிறாள், மகன் 5ஆம் தரம். என்னுடைய தாத்தா வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டியவர். அவரைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த மகள், 11ஆம் தரத்தைப் பாய்க்கப்பலில் நடக்கும் பள்ளியொன்றில் படிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கப்பல் செப்டெம்பரில் ஆம்ஸ்ரர்டாமிலிருந்து புறப்பட்டு, லா ரோஷெல், லிஸ்பன், காடிஸ் துறைமுகங்களில் தங்கி, பின்னர் அத்திலாந்திக்கைக் கடக்குமாம். முழு ஆண்டுக்குக் கட்டணம் 68,000 டொலர். முதற்பருவத்துக்கு மட்டும் 38,000. மகளுடைய ஆர்.ஈ.எஸ்.பி. என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கில் 41,000 டொலர் இருக்கிறது. அதில் நாங்கள் போட்டது 26,000, அரசாங்க மானியம் 5,200, மீதி வளர்ச்சி. எங்கள் இருவரின் ரி.எவ்.எஸ்.ஏ. என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்குகளிலும் சேர்த்து 52,000 உண்டு. வீட்டுக் கடனை இந்த ஆண்டு புதுப்பித்ததில் தவணை 430 டொலர் கூடிவிட்டது. அதற்குப் பிறகும் மாதம் 1,200 டொலர் மிஞ்சுகிறது. “கல்விக்குத்தானே சேர்த்த பணம், அதையே எடுங்கள்” என்கிறார் என் தம்பி. வீட்டின் மீது கடன் எடுக்கலாம் என்கிறார் கணவர். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் தம்பியின் யோசனையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பிழையான ஆலோசனைதான் குடும்பங்களில் எளிதாக நிறைவேறிவிடுகிறது. ஆர்.ஈ.எஸ்.பி. என்பது உயர்தரப் பள்ளிக்குப் பிந்திய கல்விக்காக மட்டுமே வகுக்கப்பட்ட திட்டம். உங்கள் மகள் படிக்கப்போவது 11ஆம் தரம். அந்த வகுப்பறை லிஸ்பன் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றாலும் அது 11ஆம் தரமே. ஆகவே மானியத்தையும் வளர்ச்சியையும் இதற்காக எடுக்க முடியாது. நீங்கள் போட்ட முதலை எடுக்கத் தடையில்லை. ஆனால் மகள் தகுதியான உயர்கல்வியில் சேராத நிலையில் எடுத்தால், மானியம் பெற்ற முதலிலிருந்து எடுக்கும் தொகையின் 20 சதவீதத்தை அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொள்ளும். 20,000 டொலர் எடுத்தால் 4,000 டொலர் மானியம் போய்விடும், இழந்த அந்த மானியத்தை மீண்டும் பெறவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே மறைந்து கிடக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய அடிப்படை மானியத்தின் வாழ்நாள் உச்சம் 7,200 டொலர். உங்கள் மகளுக்கு இதுவரை வந்தது 5,200. மிச்சமிருக்கும் 2,000 டொலரை, அவள் 17 வயதாகும் ஆண்டின் முடிவுக்குள் பெற்றாக வேண்டும். சாதாரண ஆண்டில் முதல் 2,500 டொலருக்கு 500 டொலர்தான் மானியம். ஆனால் பழைய ஆண்டுகளில் பயன்படுத்தாத மானிய வரம்பு உங்களுக்கு இருப்பதால், ஆண்டுக்கு 5,000 டொலர் போட்டு 1,000 டொலர் பெறலாம். அதாவது இரண்டே ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும். 16, 17 வயதுகளில் மானியம் பெறுவதற்கென்று தனி நிபந்தனையொன்று உண்டு: பிள்ளைக்கு 15 வயதாகும் ஆண்டின் முடிவுக்குள் குறைந்தது 2,000 டொலராவது போட்டு வைத்திருந்தால் அது நிறைவேறும். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஆகவே ஆர்.ஈ.எஸ்.பி. குறித்து என் பதில், அதிலிருந்து எடுக்காதீர்கள் என்பது மட்டுமல்ல; கப்பலுக்கு ஒரு டொலர் ஒதுக்குவதற்கு முன்னால் அதில் மாதம் 417 டொலர் போடத் தொடங்குங்கள் என்பதும்தான்.

மகள் 12ஆம் தரத்தை முடித்த பிறகு கப்பலுக்குப் போனால் கதை வேறு. பல்கலைக்கழகத் தரத்திலான பாடநெறியில், அங்கீகாரமுள்ள நிறுவனத்தின் பதிவுச் சான்றோடு அவள் முழுநேர மாணவியாகச் சேர்ந்தால், ஆர்.ஈ.எஸ்.பி. கதவு திறக்கும், அப்போது முதலை மானிய இழப்பின்றி எடுக்கலாம், மானியமும் வளர்ச்சியும் முதல் 13 வாரங்களில் 8,000 டொலர் வரை கிடைக்கும். கனடாவுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகமென்றால் பாடநெறி தொடர்ச்சியாக 3 வாரங்களாவது நீள வேண்டும். பல்கலைக்கழகமல்லாத நிறுவனமென்றால் 13 வாரங்கள். ஆனால் அப்படிச் செலவழிக்கும் பணம் அதன் பிறகு வரும் நான்கு ஆண்டுப் படிப்புக்கு இருக்காது என்பதால், விதி அனுமதிக்கிறது என்பதற்காக அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணவருடைய யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. வீட்டின் மீதான கடனுக்கு 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 68,000 டொலருக்கு ஆண்டுக்கு 4,080 டொலர் வட்டி மட்டுமே போகும். தவணை கூடிய சூட்டோடு இதையும் ஏற்றுவது முறையல்ல. ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்பின் பக்கமும் போகாதீர்கள். கல்விக்காக வரியின்றி எடுக்கும் வாய்ப்பு அதில் உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது கணக்கு வைத்திருப்பவரின் அல்லது துணைவரின் படிப்புக்கு மட்டுமே, பிள்ளைக்கல்ல. சாதாரணமாக எடுத்தால் 15,000 டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு 30 சதவீத வரி அங்கேயே பிடித்துக்கொள்ளப்படும்.

இனி கப்பலுக்கு வருவோம். இந்தக் கட்டணம் ஏன் இவ்வளவு உயரம் என்பதைப் புரிந்துகொண்டால்தான், எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதும் புரியும். பள்ளி, விடுதி, உணவு, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், பாய்களும் கயிறுகளும், ஆண்டுதோறும் கப்பலைக் கரையேற்றிச் சோதிக்கும் செலவு ஆகியவை அனைத்தையும் சில டசின் மாணவர்களின் குடும்பங்களே பகிர்ந்துகொள்கின்றன. இவற்றுள் பல பழைய கப்பல்கள்: நோர்வேயின் சோர்லாண்டெட் 1927இல் கட்டப்பட்டது, ஒல்லாந்துக் கொடியில் ஓடும் குல்டன் லீவ் 1937இல் கட்டப்பட்டது. பழைய இரும்பைக் கடலில் வைத்துப் பராமரிப்பது மலிவான காரியமல்ல. பிள்ளைகள் அங்கே பயணிகளாக இருப்பதுமில்லை. இரவும் பகலும் முறைவைத்துக் காவல் நிற்க வேண்டும். சுக்கான் பிடிக்க வேண்டும். பாத்திரம் கழுவவும் தளம் தேய்க்கவும் வேண்டும். காவல் முடிந்து தூங்கியும் தூங்காமலும் கணிதப் பாடத்துக்கு வந்து உட்கார வேண்டும். கொள்ளுத்தாத்தாவின் கதைகளில் கடல்நோய் வந்திருக்குமோ என்னவோ. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி, நம்மவர்கள் ஓட்டிச் செல்ல, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது என்பது உண்மையான பெருமை. ஆனால் அந்த மாலுமிகள் மறுநாள் பௌதிகவியல் பரீட்சை எழுதவில்லை.

ஆகவே 38,000 டொலருக்குக் காசோலை எழுதுவதற்கு முன்னால், சில நூறு டொலருக்குள் ஒரு சோதனை செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கனடிய கடற்படை இளையோர் அணியில் 12 முதல் 18 வயதுவரை சேரலாம், சேர்வதற்குக் கட்டணமில்லை. ரொறன்ரோ துறைமுகத்தில் பாத்ஃபைண்டர், பிளேஃபெயர் என்னும் இரண்டு பாய்க்கப்பல்களில் இளையோருக்குப் பயிற்சி அளித்துவந்த அமைப்பும் உண்டு. கோடைக்காலப் பயிற்சிகள் இப்போது எப்படி நடக்கின்றன என்று விசாரியுங்கள். உங்களுக்கு இரண்டு கோடைகள் இருக்கின்றன. ஒன்ராறியோ ஏரியில் ஒரு வாரம் அலைந்த பிறகும் அவள் இதையே கேட்டால், அந்த ஆசையை நான் மதிப்பேன்.

அப்படிக் கேட்டால், என் பரிந்துரை முழு ஆண்டல்ல, 11ஆம் தரத்தின் முதற்பருவம் மட்டுமே. இதற்குப் பணம் ஒரு காரணம்தான். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 12ஆம் தரத்தின் சிறந்த ஆறு பாடங்களைப் பார்த்தே இடமும் நுழைவுப் புலமைப்பரிசிலும் வழங்குகின்றன. தூக்கம் கெட்ட ஒரு பருவம் 11இல் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், 12இல் வந்தால் அதற்கும் ஒரு டொலர் கணக்கு உண்டு. கப்பலில் பெறும் பாடச் சித்திகளை (கிரெடிட்டுகளை) உங்கள் மகளின் பள்ளி ஏற்றுக்கொள்ளுமா என்பதை அதிபரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். டிப்ளோமாவுக்கு 30 சித்திகள் வேண்டும். அவற்றுள் நான்கு கடலில் கரைந்துபோனால், கோடை வகுப்பிலோ மேலதிகப் பருவத்திலோ அவற்றை மீட்க வேண்டியிருக்கும்.

மருத்துவக் காப்பு அடுத்த காரணம். ஒன்ராறியோவின் ஓஹிப் என்னும் அரச மருத்துவக் காப்பைத் தக்கவைக்க, எந்த 12 மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்தில் இருக்க வேண்டும். முழுநேர மாணவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் பயணத்துக்கு முன்பே சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். நான்கு மாதப் பயணத்தில் இந்தத் தொல்லையே எழாது. எப்படியானாலும் ஓஹிப்பை நம்பி அனுப்பாதீர்கள்: வெளிநாட்டு மருத்துவமனையில் அவசரமாகத் தங்கினால் அது நாளுக்கு அதிகபட்சம் 400 டொலரும், தங்காமல் சிகிச்சை பெற்றால் 50 டொலரும்தான் தரும். பாய்மரம் ஏறுதல், நடுக்கடலிலிருந்து நோயாளியை மீட்டல் ஆகிய இரண்டும் விலக்கப்படாத பயணக் காப்புறுதியைத் தேடுங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளில் இவை விலக்கப்பட்டிருக்கக் கூடும்.

சிறிய எழுத்துகள் என்றதும் ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது, அங்கே சற்று நின்று பேச வேண்டும். கனடாவில் 1984இல் தொடங்கிய கிளாஸ் அஃப்லோட் பள்ளியின் கொன்கோர்டியா என்னும் கப்பல், 2010 பெப்ரவரி 17 அன்று பிரேசிலுக்கு அப்பால் திடீர்ப் புயற்காற்றில் கவிழ்ந்து மூழ்கியது. கப்பலிலிருந்த 64 பேரும் உயிர்காப்புத் தெப்பங்களில் ஒரு நாளுக்கும் மேலாகக் காத்திருந்து, அனைவருமே மீட்கப்பட்டனர். 2020இல் பெருந்தொற்று பரவியபோது, கரிபியனிலிருந்து விமானத்தில் திரும்பவிருந்த 25 ஒல்லாந்து மாணவர்கள், வேறு வழியில்லாமல் வைல்ட் ஸ்வான் என்னும் பாய்க்கப்பலிலேயே அத்திலாந்திக்கைக் கடந்து ஏப்ரல் 26 அன்று ஹார்லிங்கன் துறைமுகத்தை வந்தடைந்தனர். அச்சுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. இரண்டிலும் பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்தார்கள். ஆனால் பயணம் பாதியில் முறிந்தால் எவ்வளவு கட்டணம் திரும்பும், கரையில் பாடங்கள் தொடருமா, மாற்று விமானச் சீட்டு யார் செலவு, மகள் தானே விலகினால் என்ன, ஒழுங்கு நடவடிக்கையால் திருப்பி அனுப்பப்பட்டால் என்ன என்னும் கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் நேரான பதில் இல்லையென்றால் முற்பணம் கட்டாதீர்கள். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாமா, வருமானம் பார்த்துச் சலுகை தருவார்களா என்பதையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, சலுகைக்கு இடமிருந்தால் அது முதலில் கேட்பவருக்கே போகும்.

இனிக் கணக்கு. பருவக் கட்டணம் 38,000 டொலருக்கு மேல், விமானச் சீட்டுகளுக்கு 2,500, மழையுடை, காலணி, மென்பை ஆகியவற்றுக்கு 1,500, காப்புறுதிக்கு 600, துறைமுகங்களில் கைச்செலவுக்கு 2,000, எதிர்பாராததற்கு 3,000 என்று என் மதிப்பீட்டில் 9,600 டொலர் சேரும், மொத்தம் 47,600. லிஸ்பனில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று உங்களுக்கும் தோன்றும். அந்தச் செலவு இதில் இல்லை. ரி.எவ்.எஸ்.ஏ.யில் 20,000 டொலரை அவசரத்துக்கென விட்டுவிட்டு 32,000 எடுங்கள். மீதி 15,600. கைச்செலவான 2,000 டொலரை மகளே பகுதிநேர வேலை செய்து சேர்க்கட்டும். ஒன்ராறியோவில் 14 வயதிலிருந்தே பல வேலைகளுக்கு அனுமதி உண்டு. எஞ்சும் 13,600 டொலரைப் புறப்படும்வரையுள்ள 16 மாதங்களில் சேர்க்க மாதம் 850 வேண்டும். இதனோடு ஆர்.ஈ.எஸ்.பி.க்கான 417ஐக் கூட்டினால் 1,267 டொலர். உங்களிடம் மிஞ்சுவது 1,200. இடைவெளி 67 டொலர்தான் என்பதால் இது சாத்தியம் என்கிறேன். முழு ஆண்டென்றால் இன்னும் 30,000 டொலரை எங்கே தேடுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ரி.எவ்.எஸ்.ஏ. பணத்தை எந்த மாதத்தில் எடுக்கிறீர்கள் என்பதும் கணக்குத்தான். எடுத்த தொகையை மீண்டும் போடுவதற்கான இடம் அடுத்த ஆண்டின் ஜனவரி 1 அன்றுதான் திரும்பக் கிடைக்கும். ஜனவரியில் கட்ட வேண்டிய தவணைக்கான பணத்தை டிசெம்பர் கடைசி வாரத்திலேயே எடுத்துவிட்டால் சில நாட்களில் இடம் திரும்பிவிடும். ஜனவரியில் எடுத்தால் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, கடிதத்தில் ஒரே இடத்தில் மட்டும் தலைகாட்டிய மகன். அக்காவுக்கு 47,000 டொலர் செலவழித்த வீட்டில் அவனும் ஒரு நாள் ஏதாவது கேட்பான், அது கப்பலாக இல்லாவிட்டாலும். மகள் திரும்பி வந்த மாதத்திலிருந்து, கப்பலுக்கென்று போட்டுவந்த அந்த 850 டொலரை நிறுத்தாமல் ரி.எவ்.எஸ்.ஏ.க்குத் திருப்பிவிடுங்கள். 32,000 டொலரும் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் மீண்டும் நிரம்பிவிடும், அப்போது அவன் 10ஆம் தரத்தில் இருப்பான்.