சுடுமல்லி: தலைகாட்டும் முன்பே வேலையை முடித்துவிடும் களை

கேள்வி: மானாவாரிச் சோளத்தில் மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடுகிறது. தூரில் சாண் உயரத்துக்கு வெள்ளைப் பூச்செடி. ஆப்பிரிக்காவில் ஊதாப் பூவோடு சோளத்தை அழிக்கும் செடியும் இதுதானா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உங்கள் காட்டில் இருப்பது சுடுமல்லி, ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா. ஆப்பிரிக்காவின் ஊதாப் பூக்காரி அதன் பங்காளி, ஸ்ட்ரைகா ஹெர்மாந்திகா. அது முழங்காலுக்கு மேலும் வளரும். பூ நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஏசியாட்டிகாவே ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் சிவப்பாகத்தான் பூக்கும். பூவின் அடியிலுள்ள புல்லிவட்டத்தை லென்ஸில் பாருங்கள். ஹெர்மாந்திகாவுக்கு 5 வரிகள், ஏசியாட்டிகாவுக்குப் பத்தோ அதற்கு மேலோ. தண்டும் குறுகிய இலையும் இரண்டிலுமே சொரசொரப்பு; பூக்குழல் மேல்பகுதியில் வளைந்திருக்கும்.

இலை பச்சைதான், ஆனாலும் சொந்தக் காலில் நிற்காது. விதை தூசி மாதிரி, 0.3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஈர மண்ணில் ஓரிரு வாரம் ஊறி, சோள வேரில் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள் பட்ட பிறகே முளைக்கும். உடனே வேரைத் துளைத்து நீரையும் சத்தையும் உறிஞ்சும். வெளியே தலைகாட்டச் சில வாரங்கள் ஆகும். சேதத்தில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும். இந்தப் போகத்துச் சோளத்தை மீட்பது கடினம். இப்போது தடுக்க வேண்டியது விதையை. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கும், பத்தாண்டு தாண்டியும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பூக்கும் முன் பிடுங்குங்கள். பூத்ததை வரப்பில் போடாமல் எரியுங்கள். தண்டு பாதியில் முறிந்தால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

அடுத்த போகம் கரிசலில் பருத்தி போடலாம். பருத்தி வேரும் சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும், ஆனால் ஒட்ட இடம் கொடுக்காது. முளைத்தது பட்டினியில் சாகும். ஸ்ட்ரைகோலாக்டோன் வகையைச் சேர்ந்த ஸ்ட்ரைகோல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே பருத்தி வேர்க்கசிவிலிருந்துதான், 1966இல். ஒரு போகத்தில் மண் சுத்தமாகிவிடாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்த நிலத்தில் சுடுமல்லிக்குக் கொண்டாட்டம், எனவே தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: கரும்பில் வந்தால் மருந்து உண்டா?
– வாசகர், மேலூர்

பதில்: உண்டு. முளைத்து வந்த சுடுமல்லிக்கு 2,4-டி சோடியம் உப்பு என்ற களைக்கொல்லி, ஹெக்டேருக்கு 1.75 கிலோவை 650 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிப்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பக்கத்துக் காட்டில் பருத்தியோ வெண்டையோ நின்றால் தொடவே வேண்டாம். சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும். அங்கே 20 சத யூரியாக் கரைசலைக் கரும்பின் மேல் படாமல் களையின் மேல் மட்டும் தெளியுங்கள்.