ஒன்பதால் வகுபடுகிறதா?

அன்புள்ள ஐயா,

இந்த ஆண்டு பி.காம். முடித்தேன். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. எங்கள் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர், 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளைச் சொல்லி, உழைத்தால் உயரலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். எனக்கு அப்பா நினைவாகவே இருந்தது. பள்ளிபாளையத்தில் 28 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். அவரைவிடக் கடுமையாக உழைத்தவரை நான் பார்த்ததில்லை. இன்னும் வாடகை வீடு. தறிச் சத்தத்தில் காதும் மந்தமாகிவிட்டது. என்னோடு படித்தவன் ஒருவன் மாமா சிபாரிசில் பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான். எனக்கு நாள் முழுக்க வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்து என்ட்ரி போடுகிற வேலை. அதையும் கொஞ்ச நாளில் சாஃப்ட்வேரே செய்துவிடுமாம். நான் எதற்காக முதுகு ஒடிய உழைக்க வேண்டும்?

மு., பள்ளிபாளையம்

*

அன்புள்ள மு.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு நாள் அது மனதிலேயே கிடந்தது. உங்கள் கோபம் நியாயமானது.

முதலில் அந்தக் குறள். 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.' மேடைகளில் பின்பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஆகாது எனினும்' என்றல்லவா வள்ளுவர் தொடங்குகிறார்? நினைத்தது கைகூடாமலே போகலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேசுகிறார். அவர் தருவதாகச் சொல்வதும் கூலிதான். உடம்பு வருந்திய அளவுக்கான கூலி. வீடு வாசல், பதவி என்றெல்லாம் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு அந்தக் கூலிகூடச் சரியாக வந்து சேரவில்லை. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர் எவ்வளவு நெய்தாலும், மீட்டருக்கு எத்தனை பைசா என்பது தறியில் தீர்மானமாவதில்லை. அதைச் சங்கமாகக் கூடிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த அநியாயத்துக்கு அவருடைய உழைப்பைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

சரி, அப்படியானால் நீங்கள் எதற்கு உழைக்க வேண்டும்?

நானும் பி.காம்.தான். 1983-ல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அங்கிருந்த கணக்குப்பிள்ளை எட்டாவது வரை படித்தவர். நான் பட்டதாரி என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. முதல் மார்ச் மாதக் கடைசியில், எல்லாக் கணக்கின் பற்றும் வரவும் சமமாகிறதா என்று பார்க்கும் டிரையல் பேலன்ஸ் 630 ரூபாய் வித்தியாசத்தில் இடித்தது. இரண்டு நாளாக, அன்றாட வரவுசெலவு எழுதும் சிட்டாவையும் அதிலிருந்து கணக்குவாரியாக ஏற்றும் பேரேட்டையும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒம்பதால வகுபடுதா தம்பி?"

வகுத்தேன். 70.

"அப்ப ரெண்டு எண்ணு இடம் மாறிக் கிடக்கு. தொண்ணூறால வகுத்துப் பாரு."

ஏழு வந்தது.

"நூறும் பத்தும்தான் மாறியிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் ஏழு. ஒண்ணும் எட்டும், ரெண்டும் ஒம்பதும், சைபரும் ஏழும் அந்த எடத்துல சேர்ந்து நிக்கிற தொகையை மட்டும் பாரு, போதும்."

சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். கால் மணி நேரத்தில் அகப்பட்டுவிட்டது. சிட்டாவில் 1,810, பேரேட்டில் நான் 1,180 என்று ஏற்றியிருந்தேன்.

இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கியல் தெரிந்த பலருக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று அவரைக் கேட்டேன். "ராத்திரி ராத்திரியா உக்காந்து தேடுனதுல வந்ததுப்பா" என்றார். முப்பது வருடம் தப்பைத் தேடித் தேடி அது அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முதலாளி கொடுத்த சம்பளம் மாதாமாதம் செலவாகியிருக்கும். இந்தக் கண் செலவாகவில்லை. அதில் ஒரு துளியை எனக்கும் கொடுத்தார். அதை வைத்து அதற்கப்புறம் மூன்று இடங்களில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

சாஃப்ட்வேர் செய்துவிடும் என்கிறீர்கள். செய்யட்டும். ஒத்துப்போகிற ஆயிரம் வரிகளை அது பொருத்திவிடும். ஒத்துப்போகாமல் நிற்கிற நாலு வரி உங்கள் மேசைக்குத்தான் வரும். அந்த நாலில் எது கை தவறி அடித்தது, எது இன்னும் பாஸாகாத செக், எது பில் இல்லாமல் யாரோ எடுத்த பணம் என்று பார்த்தவுடன் பொறி தட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளைச் சொந்தக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அது தட்டும். நீங்கள் சலித்துக்கொள்கிற வேலை அந்தக் கண்ணை உங்களுக்குத் தந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது சிபாரிசு. உ.வே.சாமிநாதையருக்கும் வேலை சிபாரிசில்தான் கிடைத்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு இவரைச் சொல்லிச் சேர்த்துவிட்டார். 1880-ஆம் வருடம், சம்பளம் 50 ரூபாய், வயது 25 நிறையும் தறுவாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டவர். தமக்குத் தமிழ் தெரியும் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை. அந்த அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் மசியவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

அன்றைக்கு அவர் வீட்டுக்குத் திரும்பி நடந்ததை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கையில் வேலை இருந்தது. சிந்தாமணி தெரியாததற்காகக் கல்லூரி அவரை வெளியே அனுப்பப் போவதில்லை. ஆனால் அவர் அந்த நூலை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா, துணைக்காலா ரகரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நூலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாக எடுக்கும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பதை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் சைவ மடத்தில் படித்து வளர்ந்தவர். பகலில் கல்லூரிப் பாடம், மிச்ச நேரமெல்லாம் ஏடு. 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அப்புறம் 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு.

சிபாரிசு அவரைக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதான். 1880-க்கும் 1887-க்கும் இடையிலான ஏழு வருடத்தை யார் சொல்லியும் அவருக்கு வாங்கித் தந்திருக்க முடியாது. உங்கள் நண்பனுக்கும் அதே நிலைதான். மாமா வாசல் வரைக்கும்தான் வருவார்.

முதுகு ஒடிய உழையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி பதினொரு மணி வரை உட்காரவைத்துவிட்டு அதற்கு ஒரு ரூபாய்கூடத் தராமல், இதுதான் அர்ப்பணிப்பு என்று யாராவது சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போங்கள். ஆனால் அலுவலக நேரத்தில் கையில் இருக்கிற வேலையை அரைக்கண்ணால் செய்யாதீர்கள். ஒரு பார்ட்டியின் கணக்கை எடுத்தால், கதை படிப்பதுபோல முழுசாகப் படியுங்கள். இந்த ஜவுளிக்கடை எந்த மாதத்தில் சரக்கு எடுக்கிறது, எந்த மாதத்தில் கடன் வாங்குகிறது, இந்த பில்லுக்கு ஏன் ஜிஎஸ்டி வரவு கிடைக்கவில்லை என்று சீனியரைத் துளைத்தெடுங்கள். முதல் வருடத்தில் கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஐந்தாவது வருடத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். இரண்டு வருடம் இப்படி இருந்து பார்த்தும் அங்கே வழி பிறக்கவில்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். கற்றது உங்களோடேயே வந்துவிடும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் தினமும் தறி ஓட்டுகிறார். அத்தனை இரைச்சலுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தால் அவருக்கு எப்படித் தெரிகிறது? தறியில் வைத்த கையில் அதிர்வு மாறுகிறதா, துணியில் கோடு விழுவதைக் கண் பிடித்துவிடுகிறதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் சத்தமாக அவரைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.